இருபத்து நான்காவது சீட்டு

ஏற்காட்டில் மதியச் சாப்பாடு முடிந்ததும்
ஷெரின் மேடம் ஆளுக்கொரு சீட்டு கொடுத்தார்.
வேலையில் பிடித்தது ஒன்று,
பிடிக்காதது ஒன்று.
பெயர் வேண்டாம், பயமும் வேண்டாம்.

பேனா ஐந்துதான் இருந்தது.
கைமாற்றிக் கைமாற்றி எழுதினோம்,
பரீட்சைப் பிள்ளைகளைப்போல
உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு.

டெஸ்டிங்கில் இருப்பவள் சரியாக எண்ணுவாள் என்று
பிஸ்கட் டப்பாவோடு என் மடிக்கு வந்தன.
அடிவாரம் போவதற்குள்
எக்செல்லில் ஏற்றிவிட வேண்டும்.

இருபதாவது கொண்டை ஊசியில்
முதல் சீட்டைப் பிரித்தேன்.
அப்போதுதான் உறைத்தது:
நான்கு வருஷமாய் அருகருகே உட்கார்ந்திருக்கிறோம்,
ஒருவர் கையெழுத்து ஒருவருக்குத் தெரியாது.
தீர்த்தகிரி அவசரத்தில் எந்த எழுத்தை விழுங்குவான்,
கோகிலவாணி கோபத்தில் எத்தனை ஆச்சரியக்குறி போடுவாள்,
எல்லாம் அத்துபடி.
யார் 'ழ'வை எப்படிச் சுழிப்பார்கள்?
தெரியாது.

பிடித்தது: சித்திரை மாதத்து ஏசி.

பிடித்தது: முப்பதாம் தேதி காலை போன் அதிர்வது.
பிடிக்காதது: ஐந்தாம் தேதி.

பிடித்தது: சென்னைக்குப் போகாமலே சென்னைச் சம்பளத்தில் பாதி.
பிடிக்காதது: மீதிப் பாதி.

பிடித்தது: சாயங்காலம் கம்பெனிக் கணக்கில் தட்டுவடை செட்.
பிடிக்காதது: மீட்டிங் இருந்தால் பூண்டுச் சட்னி கூடாதாம்.
வீடியோ காலில் வாசனை போகாது என்று
யாராவது சொல்லுங்கள்.

பிடிக்காதது: நாமெல்லாம் ஒரே குடும்பம் என்பது.
என் குடும்பத்தில் நோட்டீஸ் பீரியட் கிடையாது.

பிடிக்காதது: டெக்சாஸ்காரருக்கு வாயில் நுழையவில்லை என்று
என் பெயரைப் பாதியாக வெட்டியது.
கீழே, பொடி எழுத்தில்:
இப்போது வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

பதினோராவது வளைவில் யாருக்கோ குமட்டியது.
எலுமிச்சம்பழம் ஒன்று முன்னும் பின்னும் போய் வந்தது.
அப்புறம் ஒவ்வொரு தலையாகச் சாய்ந்தது.

என் சீட்டும் வந்தது.
பிடித்தது: தப்பைச் சுட்டிக்காட்டினால் சம்பளம் தரும் இடம்.
(வீட்டில் அதற்குப் பெயர் வாய்.)
பிடிக்காதது: ஒன்றுமில்லை.
யார் படிப்பார்களோ என்று எழுதியது.
படிப்பது நான்தான் என்று தெரிந்த பிறகும்
திருத்தவில்லை.

நாங்கள் இருபத்து மூன்று பேர்.
சீட்டு இருபத்து நான்கு.
மறுபடி எண்ணினேன், தொழில் புத்தி.
அதே இருபத்து நான்கு.

கடைசிச் சீட்டு:
பிடித்தது: பின்னால் எல்லோரும் தூங்குவது.
பிடிக்காதது: பின்னால் எல்லோரும் தூங்குவது.

வலப்பக்கம் சாய்ந்த எழுத்து,
வரிக்குக் கீழே இறங்கி நடக்கும் எழுத்து.
எனக்குத் தெரிந்த ஒரே கையெழுத்து.
ராத்திரி இரண்டே முக்காலுக்கு
அரைக்கண்ணோடு நான் ஒப்பமிடும் டிரிப் ஷீட்டில்
தினமும் பார்ப்பது:
ஏறிய இடம் ஜாகீர் அம்மாபாளையம்,
இறங்கிய இடம் கன்னங்குறிச்சி.

நிமிர்ந்தேன்.
அல்லிமுத்து அண்ணன் ஹார்ன் அடித்து
நான்காவது வளைவைத் திருப்பிக்கொண்டிருந்தார்.
டிராவல்ஸ் ஆள், கம்பெனி ஆள் இல்லை.
ஆளுக்கொன்று என்றார்களே,
வாங்கியிருக்கிறார்.

எந்த டீம் என்ற கட்டத்தில்
அவருக்கு ஒரு வார்த்தையும் இல்லை.
'மற்றவை' என்று போட்டேன்.

திங்கட்கிழமை ஷெரின் மேடம் கேட்டார்,
ஒரு வரி கூடுதலாக இருக்கிறதே,
ஒரே பதில் இரண்டு தரம், டூப்ளிகேட்டா?
இல்லை மேடம், செக் பண்ணிவிட்டேன்.

அன்று ராத்திரி முன்சீட்டில் ஏறினேன்.
அவர் ஒன்றும் கேட்கவில்லை,
சீட்டில் கிடந்த துண்டை மட்டும் எடுத்துக்கொண்டார்.
அவர் மகளின் பாலிடெக்னிக் பீஸ்,
ஐந்து ரோட்டில் புதிதாய் வந்த பள்ளம்,
காலையில் அவருக்குத் தூக்கம் வராதது,
எல்லாம் பேசினோம்.

அஸ்தம்பட்டி ரவுண்டானா வரை
நன்றாக நினைவிருக்கிறது.

அதன் பிறகு,
"அம்மணி, வீடு வந்துருச்சு."